துடைக்கக் கூடாத வண்டி

ஸ்தனிஸ்லாஸோடு கை குலுக்கியவர்கள் தருமபுரியில் ரொம்பப் பேர் இல்லை. கையை நீட்டினால் கும்பிடு போட்டுவிடுவார். பணிவு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உங்கள் கையில் இருக்கும் எண்ணெயும் வேர்வையும் அவருக்கு வேண்டாம், அவ்வளவுதான் விஷயம். டீக்கடையில் டம்ளரை வெந்நீரில் இரண்டு தரம் அலசச் சொல்வார். பஸ்ஸில் ஏறினால் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார். கடத்தூர்ப் பக்கம் மாட்டுச் சாணியில் புரண்டு வளர்ந்த குடியானவன் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சொகுசு எங்கிருந்து வந்தது என்று சொந்தக்காரர்களே அவரைக் கேலி பேசுவார்கள்.

தொழில் கொடுத்த வியாதி அது. சேலம் ரோட்டில் அவருக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருந்தது. பஸ், லாரி, வேன் எல்லாவற்றுக்கும் பெயரும் படமும் கலர் ஷீட்டில் பிளேடால் வெட்டி ஒட்டித் தருவார். ஒட்டுகிற இடத்தில் கடுகில் பாதி மணல் கிடந்தால் போதும், ஷீட்டுக்கு மேலே பரு போலக் கிளம்பிவிடும். ஒரு விரல் ரேகையளவு எண்ணெய் இருந்தால் நாலே நாளில் அந்த இடம் மட்டும் கொப்புளம் கட்டிக் கிழியும். பெயிண்ட் அடித்த காலத்தையும் சேர்த்து இருபது வருஷமாக அழுக்கோடு மல்லுக்கட்டியவர் அவர். லாரிக்காரர்கள் துப்பிய வெற்றிலை எச்சிலைச் சுரண்டியிருக்கிறார், பஸ் ஜன்னலுக்குக் கீழே காய்ந்து வழிந்த வாந்தியைக் கழுவியிருக்கிறார். இந்த ஜனங்களைப் போல அசிங்கம் பிடித்தவர்கள் உலகத்தில் கிடையாது என்பது அவருடைய தீர்மானமான முடிவு.

எண்பத்தொன்பதாம் வருஷம் தை மாசத்தில் குப்புராஜ் அந்தக் கடைக்கு வந்தான். பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்ட கருங்கல் குவாரி வைத்திருந்த நஞ்சப்பனின் ஒரே மகன். முப்பது வயசு. அப்பன் பாறையை வெடி வைத்துப் பிளந்து சம்பாதித்ததை மகன் கார் ரேஸில் விட்டுக்கொண்டிருந்தான். பழைய ஃபியட் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த சீட், மெத்தை எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, எஞ்சினை மட்டும் மாற்றிப் பூட்டி, மாசியில் சோழவரத்தில் நடக்கும் ரேஸுக்குத் தயார் செய்திருந்தான். பெங்களூர் எஞ்சின் ஆயில் கம்பெனி ஒன்று அவனுக்குக் கொஞ்சம் செலவு செய்ய ஒத்துக்கொண்டிருந்தது.

“பெயிண்ட் வேணாங்ணா” என்றான். “வண்டி முழுக்க ஷீட்டுதான். பானெட்டு, டோரு, டாப்பு, ஒரு இடம் பாக்கி இருக்கக் கூடாது. மேல மஞ்ச, கீழ கறுப்பு. ரேஸு முடிஞ்சா உரிச்சிட்டு அடுத்த கம்பெனிக்கு வேற போட்டுக்கலாம். வெளிநாட்டுல அப்படித்தான் செய்யறாங்களாம்.”

ஸ்தனிஸ்லாஸ் கையில் இருந்த பிளேடைக் கீழே வைத்தார். எழுத்து ஒட்டியிருக்கிறார், மயில் ஒட்டியிருக்கிறார், சிலுவையும் வேலும் ஒட்டியிருக்கிறார். ஒரு காருக்கு முழுசாகச் சட்டை போடுவதைக் கனவில்கூட நினைத்ததில்லை.

“பெங்களூர்ல செய்ய மாட்டாங்களா தம்பி?”

“அங்க யாருக்குங்ணா உங்க கை வரும்? உங்களாலதான் ஆவும். இது மட்டும் நல்லா வந்துட்டா கம்பெனி டீமுல இன்னும் மூணு வண்டி இருக்குது. மேனேஜரை நேராக் கூட்டியாறேன். வண்டியோட பின்னாடி மூலையில உங்க பேரையும் ஒட்டிக்குங்க.”

அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனவர், மனைவி ஞானமேரியிடம் அதையே மூன்று தரம் சொன்னார். பெங்களூரில் இல்லாத கை. நாற்பத்திரண்டு வயசுவரைக்கும் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பஸ் முதலாளிகள் “சீக்கிரம் ஒட்டித் தொலைங்க, டிரிப்புக்கு நேரமாச்சு” என்பார்கள். ஒட்டிய பிறகு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒருவன் நின்று பார்த்து, இது இன்னார் கை வேலை என்று சொல்ல வேண்டும்.

வேலை குவாரிப் பக்கத்துக் கொட்டகையில் நடந்தது. ஸ்தனிஸ்லாஸ் தினமும் காலை பஸ்ஸில் போய் இறங்குவார். முதலில் கொட்டகையைத் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்க வைத்தார். வாசலுக்கு நனைந்த சாக்குப் படுதா கட்டினார். குவாரி ஆட்கள் பீடியோடு உள்ளே தலையை நீட்டினால் வள்ளென்று விழுந்தார். பழைய தினசரித் தாளை வண்டி மேல் விரித்து, ஒவ்வொரு வளைவுக்கும் தையற்காரன் மாதிரி அளவெடுத்து வெட்டினார். அப்புறம் இரண்டு நாள் வெறும் துடைப்புதான். மண்ணெண்ணெய் போட்டு ஒரு தரம், பெட்ரோல் போட்டு ஒரு தரம், சோப்புத் தண்ணீரில் இரண்டு தரம், வெறும் வெள்ளைத் துணியால் கடைசித் தரம். துடைத்த துணியில் கறை விழாத வரைக்கும் துடைத்தார். தகரம் குழந்தையின் கன்னம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒட்ட ஆரம்பிக்கலாம் என்று சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டுச் சத்தம் கேட்டது.

நஞ்சப்பன் வந்திருந்தார். அறுபத்தைந்து வயசு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பின்னால் கறுப்புக் கிடா ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆட்கள். அவர்களுக்கும் பின்னால் முனியப்பன் கோயில் பூசாரி கருப்பண்ணன் அரிவாளோடு வந்தார்.

“ஒட்டலியே இன்னும்?” என்றார் நஞ்சப்பன்.

“இல்லீங்க. இப்பத்தான்.”

“நல்லதாப் போச்சு. வண்டிய எடுங்கடா.”

அந்தக் குடும்பத்தில் அது ஒரு வழக்கம். கம்ப்ரஸர் வாங்கினாலும் சரி, லாரி வாங்கினாலும் சரி, முதல் ஓட்டத்துக்கு முன்னால் பாறைமேட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்டி அந்த ரத்தத்தை வண்டிமேல் வார்க்க வேண்டும். வெறும் தகரத்தில் படவேண்டும், துணியோ தாளோ நடுவில் இருக்கக் கூடாது. பட்ட ரத்தத்தை மனிதக் கை துடைக்கக் கூடாது. வெயிலும் மழையும் தூசியும் அதை எடுத்துக்கொண்டு போகலாம். மனிதன் கை வைத்தால், வைத்தவனுக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது. நஞ்சப்பனின் பங்காளி ஒருவர் டிராக்டரைக் கழுவிவிட்டு மூன்றாம் நாளே அதற்கு அடியில் நசுங்கிப் போனாராம். லாரிக்கு அந்த வழக்கம் சரி. ரோட்டில் ஓடுகிற லாரியில் எந்தக் கறை எது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஸ்தனிஸ்லாஸ் இரண்டு நாள் துடைத்த வண்டிக்கு அது சரியா?

வண்டியை ஆறு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். முனியப்பன் மீசையும் முழித்த கண்ணுமாக வானத்து உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரே வெட்டுதான். அதுவரைக்கும் ஸ்தனிஸ்லாஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் இருந்தால் வாசனை வராதா என்ன? சூடான, இரும்பு கலந்த வாடை. பித்தளைக் குண்டாவில் பிடித்ததை பானெட்டில் ஊற்றினார்கள். டாப்பில் ஊற்றினார்கள். நஞ்சப்பன் இரண்டு உள்ளங்கையையும் தோய்த்து ஒவ்வொரு கதவிலும் அப்பினார். வழவழத்த தகரத்தில் அது நிற்காமல் வழிந்து, கதவு இடுக்கிலும் வைப்பர் குழியிலும் போய்த் தேங்கிற்று. யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டு அனுப்பியது போல ஈக்கள் வந்துவிட்டன.

“இனி ஒட்டுங்க” என்றார் நஞ்சப்பன். “ஆனா தொடைக்கக் கூடாது.”

ஸ்தனிஸ்லாஸ் குப்புராஜைப் பார்த்தார். அவன் கோயில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, அழுக்கு மேல ஒட்டுனா நிக்காதுங்க. காத்து அடைச்சிக்கும்.”

“எது அழுக்கு?”

பெரியவர் குரலை உயர்த்தவில்லை. சுற்றி நின்ற ஆட்கள் அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பது ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது.

“தப்பா சொல்லலீங்க. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க.”

“யாரா இருந்தா என்ன, வாக்கு வாக்குதான். தொடைக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“தொடைக்க மாட்டேங்க” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

சொன்ன வாயை அவரே கழுவிக்கொள்ள விரும்பினார். சொல்லாமல் வந்திருக்கலாம், அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் வெட்டி வைத்த மஞ்சள் ஷீட் கொட்டகையில் காத்திருந்தது. பின் மூலைக்கு அவர் பெயரும் வெட்டி வைத்தாயிற்று.

அன்று பிற்பகலும் மறுநாள் முழுக்கவும் அவர் செய்ததை வேலை என்று சொல்ல அவருக்கே கூச்சம். காய்ந்து கறுத்துப் பொருக்கு கட்டிய ரத்தம் சோப்புத் தண்ணீர் பட்டதும் மறுபடி உயிர் வந்து இளகிற்று. ரோஜா நிறத்தில் நுரைத்தது. ஷீட்டை மேலே விரித்து ரப்பர் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளத் தள்ள, அது ஓரம் வழியாகக் கொழகொழவென்று பிதுங்கி அவர் விரல்மேல் வழிந்தது. துடைக்கக் கூடாது. கையை மட்டும் கழுவிக்கொள்ளலாம், அதற்குத் தடை சொல்லவில்லை. வாளியை மாற்றி மாற்றிக் கழுவினார். எதிரே கருப்பண்ணன் சுருட்டுப் பிடித்தபடி உட்கார்ந்து காவல் காத்தார்.

“ஒங்களுக்கு இது அருவருப்பா இருக்குதுங்களா?” என்று கேட்டார் பூசாரி.

“இல்லீங்க.”

“எனக்கே சில நேரம் இருக்கும்” என்றார் கருப்பண்ணன் சாதாரணமாக. ஸ்தனிஸ்லாஸ் ரப்பர் கட்டையை அழுத்தித் தள்ளினார். இந்த ஆளோடு ஒத்துப்போவதுகூட அவருக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது வாழை இலையில் சுற்றி ஒரு தொடைக்கறியைக் கொடுத்தார்கள். வண்டியில் வேலை செய்தவனுக்குப் பங்கு உண்டாம், வாங்காமல் போனால் சாமிக்குக் குறையாம். விபூதிப் புதன் கழிந்து இரண்டாம் நாள். கறி தொடக் கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில், சாமிக்குப் படைத்த கறியோடு வீட்டுக்குள் நுழைந்த புருஷனை ஞானமேரி மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னாங்க இது?”

“குடுத்தாங்க. வேணாம்னு சொல்ல முடியல.”

“வேணாம்னு சொல்ல உங்களுக்கு எப்பத்தான் முடிஞ்சிருக்குது? மொதல்ல வெளிய போய்க் குளிங்க. நகத்துக்குள்ள பாருங்க.”

கறியை வெளியே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தாள். நாய்கள் வந்து தகராறு செய்து தீர்த்துவைத்தன. ஸ்தனிஸ்லாஸ் அன்றைக்குக் கஞ்சியைக்கூட ஸ்பூனால்தான் குடித்தார்.

திங்கட்கிழமை உச்சி வெயிலில் போய்க் கொட்டகைப் படுதாவை விலக்கியவர் அப்படியே பின்வாங்கினார். நாற்றம் கன்னத்தில் அறைந்தது. செத்த எலி நாறும், அதற்குக்கூட ஒரு அளவு உண்டு. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு நாள் வெந்த வண்டி முழுக்கக் கொப்புளம். அம்மை போட்ட உடம்பு மாதிரி மஞ்சள் ஷீட் எங்கு பார்த்தாலும் புடைத்திருந்தது. பானெட்டில் ஒன்று உள்ளங்கை அகலம். விரலால் அழுத்தினால் உள்ளே எதுவோ நகர்ந்தது. கதவு ஓரத்தில் ஷீட் தூக்கிக்கொண்ட இடத்தில் ஈக்கள் வரிசையாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. அதற்குக் கீழே, பின் மூலையில், ‘ஸ்தனிஸ்லாஸ், தருமபுரி’ என்று அழகாக வெட்டிய சின்ன எழுத்து.

நாற்றத்தைக்கூட அவர் பொறுத்திருப்பார். அந்த நாற்றத்துக்கு அடியில் தன் பெயர் இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

குப்புராஜ் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தான். “நாளான்னைக்கு லாரில ஏத்தணுங்ணா. இப்படியே கொண்டுபோனா கம்பெனிக்காரன் காறித் துப்புவான்.”

“நான் அன்னைக்கே சொன்னேங்களே தம்பி.”

“சொன்னீங்க, இல்லைங்கல. நாளைக்கு அப்பா சேலம் போறாரு. புது ஷீட்டு எடுத்தாந்து எப்படியாவது சரி பண்ணிடுங்க.”

“அடியில இருக்கறத...”

“எப்படியாவதுன்னு சொன்னேன்” என்றான் குப்புராஜ்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் கார் கிளம்பிப் போனது. அடுத்த பத்தாவது நிமிஷம் குப்புராஜ் குவாரி ஆட்களையெல்லாம் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பூசாரியும் எழுந்து போய்விட்டார். கொட்டகையில் ஸ்தனிஸ்லாஸும் வண்டியும் மட்டும். வாசலில் யாரோ நாலு வாளி தண்ணீரும் ஒரு கட்டு பழந்துணியும் வைத்திருந்தார்கள். நமக்கு நல்ல நேரம், பார்க்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டார் மனுஷன்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உரித்தார். ஷீட்டின் பசைப் பக்கத்தில் கறுப்புக் கூழ் அப்பிக்கொண்டு வந்தது. பானெட்டின் பெரிய கொப்புளத்தை உரித்தபோது அரிசி போல வெள்ளையாக நெளிந்தவை கொத்தாகக் கீழே விழுந்து அவர் பாதத்தில் ஏறின. வெளியே ஓடிப்போய், குடித்த காபி, காலையில் தின்ற இட்லி எல்லாவற்றையும் பாறைமேல் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். முழங்காலில் நின்று கதவு இடுக்குகளைக் குச்சியில் துணி சுற்றி நோண்டினார். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. “நான் ஒண்ணும் உனக்கு எதிரா செய்யல. என் தொழிலுக்குச் செய்யறேன்” என்று யாருக்கென்று தெரியாமல் சொல்லிக்கொண்டார். சொன்னது முனியப்பனுக்கா, தன் ஆண்டவருக்கா, கோர்ட்டில் கேட்டாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது.

சாயங்காலம் ஆட்கள் திரும்பியபோது வண்டி புது மஞ்சளில் பளபளத்தது. வளைவுகளில் வெந்நீர்த் துணியால் ஒற்றி இழுத்து ஒட்டியதில் ஒரு மடிப்பு இல்லை. மஞ்சளும் கறுப்பும் சேருகிற கோடு நூல் பிடித்தது போல முன்னிருந்து பின்வரை போனது. ஸ்தனிஸ்லாஸ் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. குப்புராஜ், “ம், சரி” என்றான்.

அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு நாளும் அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ரேஸில் அந்தப் பையனுக்கு ஏதாவது ஆனால்? வண்டி புரண்டால்? டிராக்டருக்கு அடியில் போனவரின் கதை கனவில் வந்தது. நம்பிக்கை இல்லாத விஷயத்துக்கு இப்படிப் பயப்படுகிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது. மாதா கோயில் பூசையில் முழங்காலிட்டுப் பையனுக்காக வேண்டிக்கொண்டார். ஆட்டு ரத்தத்தைத் துடைத்த பாவத்தை எந்தக் கட்டளையின் கீழ்ச் சேர்த்துப் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே திரும்பி வந்தார்.

குப்புராஜ் இரண்டாவதாக வந்தான். பேப்பரில் போட்டோ வந்தது, கறுப்பு வெள்ளையில், கட்டை விரல் அளவுக்கு. ஸ்தனிஸ்லாஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பின் மூலை தெரியவில்லை.

பங்குனி முதல் வாரம் குவாரியிலிருந்து ஆள் வந்தது. பெங்களூர் மேனேஜர் வந்திருக்கிறாராம், டீமின் மூன்று வண்டியும் வந்திருக்கிறதாம், ஆர்ட்டிஸ்ட்டைக் கையோடு கூட்டிவரச் சொன்னாராம். ஸ்தனிஸ்லாஸ் பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிளேடு, ஸ்கேல், ரப்பர் கட்டை, அளவுத் தாள், மஞ்சள் ஷீட்டின் மாதிரி எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டார். போகிற வழியெல்லாம் ஒரு முடிவு செய்துகொண்டே போனார். உண்மையைச் சொல்லிவிடுவது. இந்தத் தடவை ரத்தமும் வேண்டாம், பொய் வாக்கும் வேண்டாம், அந்த வண்டி துடைத்த வண்டிதான், துடைத்ததால் அது ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று குப்புராஜிடம் நேராகச் சொல்லிவிடுவது. கை வேலைக்காகத்தானே கூப்பிடுகிறார்கள், கொஞ்சம் சொல்லவும் உரிமை உண்டு.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முனியப்பன் எதிரே மூன்று ஃபியட் வரிசையாக நின்றன. மூன்றின் மேலும் ரத்தம். மூன்று கிடாயும் மரத்தில் தொங்கின, ஆட்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதாக வந்த வண்டிக்குக் கொடுத்த பலியைத் தங்கள் வண்டிக்கும் கேட்டு வந்திருந்தார்கள் பெங்களூர்க்காரர்கள். நஞ்சப்பன் மேனேஜருக்குத் தேங்காய் உடைத்துக் கொடுத்து, மாலை போட்டுவிட்டு, பெருமை வழியும் முகத்தோடு சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார்.

ஸ்தனிஸ்லாஸ் குப்புராஜைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. போன தடவை நான் தொடைச்சிட்டேங்க. நல்லா சோப்புப் போட்டு, ஒரு பொட்டு இல்லாம.”

குப்புராஜ் சிரித்தான். “அது எனக்குத் தெரியாதாங்ணா? தண்ணி வாளி வெச்சதே நான்தானே.”

ஸ்தனிஸ்லாஸ் அவன் வாயையே பார்த்தார்.

“அப்பா காசு குடுக்கணும்னா வண்டியில ரத்தம் விழுவணும். வண்டி ஓடணும்னா ரத்தம் போவணும். எங்க ஆளு ஒருத்தன் அதுல கை வெக்க மாட்டான், தலைய வெட்டுனாலும் வெக்க மாட்டான். நானும் வெக்க மாட்டேன். பொய் சொல்வானேன், எனக்கும் பயந்தான். நீங்க வேதக்காரங்க. உங்கள முனியப்பன் ஒண்ணும் பண்ண மாட்டாரு. அதுக்குத்தானே தேடிப்புடிச்சு உங்க கடைக்கு வந்தேன்.”

“அதுக்கா?”

“பின்ன?”

“அந்த ஒட்டுன வேலை?”

“எது, அந்த ஷீட்டா?” குப்புராஜ் யோசித்துப் பார்த்தான். “ரேஸு முடிஞ்ச அன்னைக்கே உரிச்சிட்டமே. நல்லாத்தான் இருந்துச்சு. இவங்களுக்கு ஒட்டறதுக்குப் பெங்களூர்லயே ரெண்டு பேரு இருக்காங்களாம், அவங்களே பாத்துக்குவாங்க. நீங்க தொடைச்சு மட்டும் குடுத்துடுங்க. இப்ப அப்பா சாப்புட உக்காந்திருக்காரு, எந்திரிக்க ஒரு மணி நேரம் ஆவும், அதுக்குள்ள வண்டிங்க கெளம்பிடும்.”

சொல்லிவிட்டு அவன் மேனேஜரிடம் போனான். ஸ்தனிஸ்லாஸ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார். பத்தடி, பதினைந்தடி நடந்திருப்பார். சீ, என்ன மனுஷர்கள். சாமிக்குப் பயந்தவன் சாமியை ஏமாற்ற அடுத்த மதத்துக்காரனைத் தேடுகிறான். ஆடு வெட்டத் தெரிந்தவனுக்குத் துடைக்க ஆள் வேண்டியிருக்கிறது. அதைக் கை வேலை என்று நம்பி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான் ஒரு மடையன். எல்லாரையும் சேர்த்துக் காறித் துப்பலாம் போல இருந்தது அவருக்கு. துப்பினால் முதல் எச்சில் தன் மேலேயே விழும் என்பதும் தெரிந்தது.

திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் வண்டியின் பானெட்டில் ரத்தம் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்திருந்தது. இன்னும் அரை மணி போனால் பொருக்கு கட்டிவிடும். அப்புறம் சுரண்டினால் தகரம் கீறும். கீறலோடு பெங்களூர் போகும். அங்கே எவனோ இரண்டு பேர் அதன்மேல் ஷீட்டைப் போர்த்துவார்கள், நாலாம் நாள் கொப்புளம் கட்டும். நினைக்க நினைக்க அவருக்கு முதுகெல்லாம் கூசிற்று. ஒரு வண்டியை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. இருபது வருஷத்தில் போனதில்லை.

பையைக் கீழே வைத்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து அதன்மேல் வைத்தார். வாளியும் துணியும் தயாராகவே இருந்தன. பச்சைத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கறை பரவாமல் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி ஒற்றி எடுத்தார். ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியைத் திருப்பினார். கதவு இடுக்கைக் குச்சியால் நோண்டினார். வைப்பர் குழியில் தேங்கியதைப் பஞ்சால் உறிஞ்சி எடுத்தார். குவாரி ஆட்கள் உரிப்பதை நிறுத்திவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பக்கத்தில் வர ஒருவனுக்கும் தைரியமில்லை.  அவர் அடுத்த வண்டிக்குத் துணியை மாற்றினார்.

மூன்றாவது வண்டியை முடித்துவிட்டு, உலர்ந்த துணியால் கடைசித் தரம் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது பெங்களூர் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். குனிந்து, வெளிச்சம் படும் பக்கம் தலையைச் சாய்த்துத் தகரத்தைப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு தரம் சுற்றி வந்தார். எந்த பஸ் முதலாளியும் அப்படி நின்று பார்த்ததில்லை.

“பாள சென்னாகிதே” என்றார் கன்னடத்தில், மெதுவாக. அப்புறம் உடைந்த தமிழில், “ரொம்ப நீட்டான வேலை. உங்க பேரு என்னங்க?”

“ஸ்தனிஸ்லாஸ்” என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கணம்தான், ஆனாலும் நன்றாகவே மலர்ந்தது. கை வழியாகச் சிவப்பாகத் தண்ணீர் சொட்ட, இத்தனை நாள் காத்திருந்த பாராட்டுக்கு அவர் மனதாரச் சிரித்தார். ரத்தத்தை மறந்தார், புழுவை மறந்தார், குப்புராஜைக்கூட ஒரு வழியாக மறந்தார். ஒட்டியதற்கு இல்லை, துடைத்ததற்குச் சிரித்த அந்தச் சிரிப்பை மட்டும் சாகிறவரைக்கும் அவரால் சகிக்க முடியவில்லை.